ஆண்டுக்கு ஓர் அரிசி மணி

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத நாள்களில் முட்டி போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு மறுபடி முட்டி போட்டது நாற்பத்தொரு வயதில்தான். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பூக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே இருக்கும் சின்ன மருந்தகம் அது. "நாற்காலியில ஏறி முட்டி போடுங்க, பாதம் ரெண்டும் வெளியே தொங்கட்டும்" என்றார் மருத்துவர். ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே லேசாக ஒரு தட்டு. பாதம் வெடுக்கென்று உதைத்தது. திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. மதியத் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி, வேண்டா வெறுப்பாக, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. என் கைப்பேசியிலேயே படம்பிடித்துக் காட்டினார். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கால் என்னுடையது என்றே தோன்றவில்லை.

"ரத்தம் குடுத்துட்டுப் போங்க. விஷயம் கால் சொல்லிடுச்சு, எண்தான் பாக்கி" என்றார்.

யோசித்துப் பார்த்தால், காலுக்கு முன்பே பல சாட்சிகள் வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருக்கின்றன. வெளியே வெயில் கொளுத்தும் இந்த ஊரில், அலுவலகக் குளிர்சாதனத்துக்குப் பயந்து ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தவள் நான். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் கை விரல்கள் சில்லிட்டுப்போகும். குளியலறைச் சாக்கடை மூடியில் தினமும் ஒரு பிடி முடி. பத்து மணிநேரம் தூங்கியும் தீராத அசதி. கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று சென்ற ஆண்டு தெரிந்தபோது ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன்தலைக் கறியின் மேல் பழியைப் போட்டேன். பாவம் அந்த மீன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை வாரி எடுக்கும் வேலையைக் கல்லீரல் மந்தமாகச் செய்யும். காரணம் தட்டில் இல்லை, கழுத்தில் இருந்தது.

எண் வந்தது. டிஎஸ்எச் 18.4. ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. அன்று மாலையே கும்பகோணத்துச் சித்தியை அழைத்தேன். சித்தி இருபது வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்.

"என்னடி, நம்ம வீட்டுச் சொத்து உனக்கும் வந்து சேர்ந்துடுச்சா? பதினெட்டா! அப்ப உனக்கு ஜாஸ்தியா சுரக்குதுன்னு சொல்லு."

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பது அல்ல. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பது, தைராய்டைக் கூப்பிடும் குரல். அடுக்களையிலிருந்து அம்மா பிள்ளையைக் கூப்பிடுகிறாள். முதல் குரலுக்கே "இதோ" என்று பதில் வந்தால் அவள் ஏன் கத்தப் போகிறாள்? பதில் வரவில்லையென்றால் குரல் ஏறும், இன்னும் ஏறும், பக்கத்து வீட்டுக்கே கேட்கும். தைராய்டு சோம்பினால் டிஎஸ்எச் ஏறும். தைராய்டு வெறிகொண்டு சுரந்தால் டிஎஸ்எச் ஏறத்தாழ மௌனமாகிவிடும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைகூட உயரலாம். அதனால்தான் பிள்ளையின் முணுமுணுப்பைக் காதில் வைத்துக் கேட்பதைவிட, அம்மாவின் குரலை அளப்பதே மருத்துவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

பிள்ளை எங்கே இருக்கிறது? தொண்டைக் குருத்தெலும்புக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி. எடை இருபது கிராம் சொச்சம். 1656இல் அதற்குக் கேடயத்தின் பெயரைச் சூட்டியவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன். பெண்களின் கழுத்தை உருட்டி அழகாகக் காட்டத்தான் இது இருக்கிறது என்றும் அவர் கருதினார். உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் வேகம் நிர்ணயிக்கும் உறுப்பை அட்டிகை என்று நினைத்திருக்கிறார்!

மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் தேவைக்கேற்பச் சமைத்துப் பரிமாறுகின்றன. தைராய்டு மட்டும் பழைய காலத்துக் குடியானவர் வீடு. குதிரில் நெல் கொட்டி வைத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் கோளங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் பசைபோன்ற கூழ். அந்தக் கூழில்தான் இரண்டு மூன்று மாதத்துக்கான ஹார்மோன் சேமிப்பில் கிடக்கிறது. வயல் காய்ந்தாலும் குதிர் தீரும்வரை வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். நோய் சத்தமில்லாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் வயலைக் காயவைத்தது வேறு யாருமில்லை, என் சொந்தக் காவல்படை. ஜப்பானின் கியூஷுவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டுகளை ஆராய்ந்து 1912இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுரப்பி முழுக்க வெள்ளணுக்கள் குடியேறியிருப்பதைக் கண்டு, இது புதிய நோய் என்றார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி ஊர் வைத்தியராக வாழ்ந்து, 1934இல் டைஃபாய்டில் இறந்துபோனார். அந்த வெள்ளணுக்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்பது 1956இல்தான் தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது என்பதை லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் காட்டினார்கள். இந்த நோய் குடும்பங்களில் ஓடுகிறது. ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு அதிகம் பிடிக்கிறது. சித்தி சொன்ன 'வீட்டுச் சொத்து' என்ற சொல் மருத்துவ ரீதியாகவும் சரிதான்.

சித்தியின் அடுத்த அறிவுரை, "முட்டைக்கோஸைக் கையால தொடாதே." இதற்குப் பின்னால் ஒரு முயல் கதை இருக்கிறது. 1928இல் அமெரிக்காவில் வேறொரு நோயை ஆராய வளர்த்த முயல்களுக்கு முட்டைக்கோஸே பிரதான உணவாகப் போட, அவற்றின் கழுத்தில் கழலை முளைத்தது. கோஸ் வகைகளில் உள்ள சில பொருள்கள் தைராய்டுக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கின்றன. இப்படி உணவும் வேதிப்பொருளும் சுரப்பியை அடக்குவதைத் துரத்திக்கொண்டு போன ஆராய்ச்சி, 1943இல் எட்வின் ஆஸ்ட்வுட் கையில் மருந்தாக மாறியது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இன்று கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரை அந்த மருந்துகளின் வம்சம். ஆனால் நாம் முயல் இல்லை. வேகவைத்த கோஸ் பொரியல், உணவில் அயோடின் போதுமான அளவு இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. தேக்கா சந்தையில் கோஸ் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. மரவள்ளிக்கிழங்கு விஷயம் சற்று வேறு. அதிலிருந்து உடலில் உருவாகும் தயோசயனேட் அயோடினோடு போட்டி போடும். அயோடினும் இல்லாமல் கிழங்கையே மூன்று வேளையும் தின்ன நேர்ந்தால்தான் ஆபத்து. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இந்த ஊர் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. நம் தலைமுறைக்கு அது மாலை நேரத்து நொறுக்குத் தீனி.

அயோடின் கணக்கு எனக்கு மிகப் பிடித்துப்போனது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். உடல் முழுக்க இருப்பதே 15, 20 மில்லிகிராம்தான். அதில் பெரும்பங்கு தைராய்டில். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கடலில்தான் அயோடின் இருக்கிறதே, கடல் உப்பில் இல்லாமலா என்று தோன்றும். இல்லை. உப்பு விளையும் வழியில் அயோடின் நிற்பதில்லை. அதைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். இந்தியாவில் வீட்டுக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்து கிராம் உப்புக்கு 150. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. ராமலிங்கசுவாமியும் சகாக்களும் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் சிலவற்றுக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் கிடைத்த ஊர்களில் கழலை மளமளவென்று குறைந்தது. இன்று நாம் யோசிக்காமல் கிள்ளிப் போடும் உப்புக்குப் பின்னால் அந்த மலையூர்ப் பிள்ளைகளின் கழுத்துகள் இருக்கின்றன.

எனக்கு அயோடின் குறைவில்லை, ஆகவே அதைக் கூட்டிப் பயனில்லை. ஹஷிமோட்டோ நோய் உள்ளவருக்கு அளவுக்கு மிஞ்சிய அயோடின் கெடுதல் செய்யவும் கூடும். 'தைராய்டு சப்போர்ட்' என்று எழுதிய கடற்பாசி மாத்திரைப் புட்டிகளைக் கடையில் பார்த்தால் தள்ளி நடக்கிறேன். கொம்பு என்ற ஜப்பானியக் கடற்பாசி ஒரே ஒரு கிராமில் ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் வைத்திருக்கும்.

இனி மாத்திரை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து, தைராய்டு செத்துப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, அந்தப் பெண் எழுந்து நடமாடினார். 1919 வரை, இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் அவருக்காகச் செலவான ஆடுகள் 870க்கும் மேல். அடுத்த ஆண்டே இன்னொரு மருத்துவர் ஊசியெல்லாம் எதற்கு என்று, வாரம் ஒரு முறை ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பொடியாக நறுக்கி, பழப்பாகோடு சாப்பிடச் சொன்னார். அதுவும் வேலை செய்தது. தேக்கா சந்தையின் ஆட்டுக்கறிக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் இந்தச் சமையல் குறிப்பு நினைவுக்கு வருகிறது. மிளகு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டால் தைராய்டின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பின்னர் சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1927இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதை ஆய்வகத்தில் செய்தே காட்டிவிட்டார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் லெவோதைராக்சின் அந்த வழியில் வந்தது. மருந்தில் ஆடும் இல்லை, பன்றியும் இல்லை. அமாவாசை, கிருத்திகை பார்க்கும் சித்தியிடம் இதைச் சொன்னபோது, "இதை இருபது வருஷம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா" என்று பெருமூச்சு விட்டார்.

என் மாத்திரை 50 மைக்ரோகிராம். மாத்திரையின் உடம்பெல்லாம் மாவுதான்; மருந்து கண்ணுக்கே தெரியாது. ஓர் ஆண்டு முழுக்கச் சாப்பிட்டாலும் 18 மில்லிகிராம் சொச்சம். ஓர் அரிசி மணி, மெலிந்த பொன்னியானால் ஒன்றரை மணி. கெண்டாலின் 33 கிராம் என் ஒருத்திக்கு 1,800 ஆண்டு வரும். இந்தத் துளியூண்டு பொருளா ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கப்போகிறது என்ற சந்தேகம் எனக்கு இருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்தவை தலைப்பிரட்டைகள். ஹஷிமோட்டோவின் கட்டுரை வந்த அதே 1912இல், ஃபிரெட்ரிக் குடர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டை உணவாகப் போட்டார். அவை வளராமலே அவசர அவசரமாகக் கால் முளைத்து, வால் சுருங்கி, ஈ அளவுத் தவளைகளாகிவிட்டன. பிறகு வேறு ஆய்வாளர்கள் தைராய்டை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தலைப்பிரட்டைகள் பெருத்துக்கொண்டே போயின, தவளையாக மட்டும் மாறவே இல்லை. கேலாங் கடைகளில் தவளைக் கஞ்சி குடிப்பவர்கள் ஒரு நிமிடம் இதை நினைத்துப் பார்க்கலாம்: அந்தக் கால்கள் ஒரு தைராய்டு கொடுத்த வரம்.

தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள், எனவே டி4. திசுக்களுக்குள் ஓர் அணு கழற்றப்பட்டு டி3 ஆனதும்தான் அதற்கு வீரியம் வருகிறது. டி3 செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு எழ வேண்டும், எது உறங்க வேண்டும் என்று சொல்கிறது. மரபணு எழுந்து, புரதம் செய்து, அந்தப் புரதம் வேலையைத் தொடங்கி... இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். தலைவலி மாத்திரை போல அரை மணியில் பலன் எதிர்பார்ப்பவருக்கு இந்தச் சுரப்பி சரிப்படாது.

மனிதக் குழந்தைக்கு வால் இல்லை. மாற வேண்டியது மூளை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே ஹாம்ப்ஷயர் ரோட்டில், இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கும் இடம்தான் பழைய கேகே மருத்துவமனை. கேகே என்பது கண்டாங் கெர்பாவ்; மலாயில் எருமைத் தொழுவம். இந்த வட்டாரம் மாட்டு வியாபாரத்தில் செழித்த காலத்துப் பெயர். 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அப்போது அது உலகச் சாதனை. பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாத குழந்தை இரண்டாயிரம் முதல் நாலாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிறக்கும். அந்த ஓர் ஆண்டுக் கூட்டத்தில் பத்துக்குக் குறையாமல் இருந்திருக்கும். பிறந்த கையோடு பார்த்தால் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருக்கும். பல மாதம் கழித்து வித்தியாசம் தெரியும்போது மூளைக்கு நேரம் கடந்திருக்கும். இன்று சிங்கப்பூரில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே டிஎஸ்எச் பார்த்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துப் புகட்டத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகும்.

எனக்கு வருவோம். தைராக்சினின் அரை ஆயுள் ஏழு நாள். இன்று உடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு நாளைக்குள் கரையும். ஓட்டைக் குடத்தில் தினமும் ஒரு டம்ளர் ஊற்றுவது போல. கசிவும் ஊற்றுவதும் சமமாகும்வரை குடம் மெல்ல நிரம்பும். அதற்கு ஐந்தாறு வாரம் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒரு நாள் மாத்திரை மறந்தால் வானம் இடிந்து விழாது என்பதும் இதே கணக்குதான்.

எட்டு வாரம் முடிந்து சோதித்தேன். 11.2. இறங்கியிருக்கிறது, ஆனால் போதாது. அளவைக் கூட்டலாமா என்று யோசித்த மருத்துவர், அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "எப்படிச் சாப்பிடறீங்க?" காலை ஆறு மணிக்கு, வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போது மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, புளோக்கின் கீழே உள்ள கோப்பிக்கடையில் ஒரு கோப்பி. பல நாள் மாத்திரையை விழுங்கியதே அந்தக் கோப்பியால்தான். சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

2008இல் இத்தாலிய மருத்துவர்கள் என்னைப் போன்றவர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். தைராக்சினை எஸ்பிரெசோவோடு விழுங்கி, மருந்து வேலை செய்யவில்லை என்று வந்தவர்கள். காபி, குடலில் மருந்து ஏறுவதைத் தடுக்கிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் இன்னும் மோசம். அவற்றுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணிநேரம், பொறுக்க வேண்டும். இரவு உணவுக்கு மூன்று மணிநேரம் கழித்துப் படுக்கும்போதும் சாப்பிடலாம். எதிர்வீட்டு அக்கா நோன்பு மாதத்தில் அப்படித்தான் செய்கிறார்.

இன்னொரு கண்ணியிலிருந்து நூலிழையில் தப்பினேன். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வகக் கருவிகள் குழம்பி டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட்டது. தைராய்டால் கொட்டும் முடிக்கு மருந்து தின்று, தைராய்டு சோதனையையே பொய்யாக்குவது! ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நான் புட்டியைத் திறக்கவே இல்லை.

அளவு கூட்டவில்லை, கோப்பியை ஏழு மணிக்குத் தள்ளினேன். அவ்வளவுதான். அடுத்த சோதனையில் 2.9. மறுபடி நாற்காலி, முட்டி, சுத்தியல். இந்த முறை பாதம் உதைத்த வேகத்திலேயே திரும்பியது. படத்தில் போவதையும் வருவதையும் பிரித்தே பார்க்க முடியவில்லை.

சந்தோஷத்தில் சித்தியைக் கூப்பிட்டேன். "காபியோட சாப்பிடக் கூடாதாம் சித்தி. நீங்க எப்படி?"

"நானா? அஞ்சு மணிக்கு டிகிரி காபி போட்டு, அதுலதான்டி முழுங்குவேன். இருபது வருஷமா. எனக்கு எல்லாம் நார்மல்னுதான் டாக்டர் சொல்றார்."

எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டேன். 125 என்றார். ஒவ்வொரு முறையும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, அவருடைய டாக்டர் காபிக்கும் சேர்த்தே அளவைக் கூட்டி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. திடீரென்று காபியைத் தள்ளிவைத்தால் அதே 125 அவருக்கு மிகையாகி, நெஞ்சு படபடக்கலாம். எழுபது வயது இதயம். பதறிப்போய், "சித்தி, இப்ப எதையும் மாத்தாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு, மாத்தினா எட்டு வாரத்துல ரத்தம் பாத்துட்டு..." என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ஆக, என் காபியை விட வேண்டாம்ங்கற" என்றார் சித்தி. காபியை டபராவில் ஆற்றும் சத்தம் கேட்டது.